ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பாப்பா: பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும், பயிற்சி கொடுப்பதும், பள்ளியில் சேர்ப்பதும் என் வேலை. காப்பீடு என் வேலையில் சேராது. ஆனால் 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை ஒரே ஒரு குழந்தைக்காக நான் தட்டிய கதவுகளில் பாதிக்கு மேல் காப்பீட்டுக்காகத் தட்டியவை. அந்தப் பத்து மாதமும் நடந்ததைப் பெற்றோரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இருக்காது. குழந்தையைப் பாப்பா என்றே எழுதுகிறேன். அவள் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் கவனித்தவர்

பாப்பாவின் குறையை முதலில் கண்டுபிடித்தது டாக்டரோ நானோ இல்லை. அவள் பாட்டிக்கு மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் பெண் தன்னார்வலர்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்ப்பவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மாரண்டஅள்ளி பக்கத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். "டீச்சர், இந்தப் பாப்பாவுக்குக் காது கேக்கலன்னு நினைக்கிறேன். பின்னாடி நாய் அப்படிக் குலைக்குது, திரும்பிக்கூடப் பாக்கல."

பாப்பாவுக்கு அப்போது 3 வயது 9 மாதம். 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், பெங்களூரில் பிறந்தவள். அப்பா அங்கே கட்டட வேலைக்குப் போனவர். மேஸ்திரி சொல்லும் இடத்தில் தகரக் கொட்டகை, அந்தக் கட்டடம் முடிந்தால் அடுத்த இடம். எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகளின் பிழைப்பு இதுதான். மழை பொய்த்தாலும், தக்காளி விலை விழுந்தாலும், ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே பாப்பா பேசாமல் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சுத்தி கன்னடமும் இந்தியும் பேசறாங்க, பிள்ளைக்குக் குழப்பம்" என்று பக்கத்துக் கொட்டகையில் சொன்னார்களாம்.

இவள் ஊரிலேயே வளர்ந்திருந்தால் இரண்டு வயதுக்குள் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு உண்டு. ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை எல்லோரையும் பார்ப்பார்கள். வருமான வரம்பு கிடையாது, எந்த அட்டையும் கேட்பதில்லை. ஆனால் அங்கன்வாடிக்கே போகாத குழந்தையை அந்தக் குழு எங்கே போய்ப் பார்க்கும்?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தூங்க வைத்து பெரா பரிசோதனை எடுத்தார்கள். சத்தம் கொடுக்கும்போது காது நரம்பும் மூளையும் அதை வாங்கிக்கொள்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. இரண்டு காதிலும் மிகக் கடுமையான குறைபாடு என்று வந்தது. முதலில் காது மிஷின் போட்டுச் சில மாதம் பார்க்க வேண்டும், அதில் பலன் இல்லை என்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதிக்குள் மின்முனைகளை வைக்கும் அறுவைச் சிகிச்சை என்றார்கள்.

அப்புறம் டாக்டர் சொன்னதுதான் முக்கியம். பிறவியிலேயே காது கேட்காத குழந்தையின் மூளை, ஒலியைப் பேச்சாகப் புரிந்துகொள்ளப் பழகுவதற்கு முதல் சில வருடங்கள்தான் நல்ல காலம். மூன்று வயதுக்குள் செய்தால் மிக நல்லது, போகப் போகப் பலன் குறையும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டிலும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இந்தச் சிகிச்சை. தனியாரில் செய்தால் ஒரு காதுக்கே பல லட்சம். பாப்பாவின் அம்மா அங்கேயே கேட்டார்: "சொந்தத்துல கட்டிக்கிட்டதாலயா டாக்டர்?" நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தால் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்வியை அந்த அம்மா மட்டும் சுமப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. தாய்மாமனுக்குக் கட்டிவைத்தது அவர் முடிவு இல்லையே.

அவசரத்தில் வாங்கிய பாலிசி

அடுத்த முறை நான் போனபோது அம்மாவின் காதில் கம்மல் இல்லை. ஓசூரில் தெரிந்தவர் மூலம் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்து, மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 11,000 ரூபாய் பிரீமியத்தில் ஒரு தனியார் பாலிசி எடுத்திருந்தார்கள். கம்மலை அடகு வைத்துக் கட்டிய பணம். "காது விஷயத்தைச் சொல்லாதீங்க, ஒரு மாசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் நோய் எதுவும் இல்லை என்று ஏஜென்ட்டே நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தார்.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதே வலையில் வேறு குடும்பங்களும் விழுவதைப் பார்த்திருக்கிறேன். பாலிசி எடுக்கும் முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு 48 மாதம் வரை இருந்தது. 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை அதிகபட்சம் 36 மாதம் என்று குறைத்தது. 36 மாதம் என்றால் பாப்பாவுக்கு ஏழு வயது நெருங்கிவிடும். நோயை மறைத்து எடுத்தாலோ, கிளைம் போடும்போது மருத்துவமனைப் பதிவேட்டில் பரிசோதனைத் தேதி பாலிசிக்கு முந்தையதாக இருக்கும். கிளைமும் போகும், பாலிசியும் ரத்தாகும். கட்டிய பணம் எந்த வகையிலும் பாப்பாவின் காதுக்கு உதவப் போவதில்லை.

நல்லவேளை, பாலிசி கைக்கு வந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளைக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. எழுத்தில் கொடுத்தோம். அதுவரையான நாட்களுக்குரிய சிறு தொகையையும் முத்திரைக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மீதி வந்து சேர்ந்தது. அதை வைத்துக் கம்மலை மீட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அது ஆஸ்பத்திரிப் பயணங்களுக்கே கரைந்தது. கம்மல் மேலும் பல மாதம் அடகிலேயே இருந்தது.

மூன்று ஊர், மூன்று காகிதம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புதிது இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. காக்ளியர் இம்ப்ளாண்ட் மாதிரி செலவு அதிகமான சிகிச்சைகளுக்கு, அரசு மருத்துவமனைகள் காப்பீட்டில் ஈட்டும் பணத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்த தனித் தொகுப்பு நிதியும் இருக்கிறது. 2022-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். அதையும் அரசே கட்டுகிறது. நம் ஊரில் ஓர் ஏழைக் குழந்தைக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

சேர மூன்று காகிதம் போதும்: ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. பாப்பா இதில் எதிலும் இல்லை.

ரேஷன் கார்டில் அப்பாவும் பாட்டியும் மட்டும் இருந்தார்கள். அம்மாவின் பெயர் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் அஞ்செட்டி பக்கத்தில் தாய்வீட்டுக் கார்டிலேயே இருந்தது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். அவர் தாய் நீக்க விடவில்லை. அவர்களுடையது முன்னுரிமைக் கார்டு. ஒரு தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி. மகள் பெயர் போனால் 5 கிலோ குறையும். அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையோர ஊரில் தனியாக இருப்பவர். 5 கிலோ அரிசி அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. மகள் நேரில் போய் இரண்டு நாள் இருந்து, பேசி, அழுது, கடைசியில் சம்மதம் வாங்கினார்.

பாப்பாவின் ஆதாருக்குப் பிறப்புச் சான்று வேண்டும். பெங்களூரில் பிறப்பைப் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பெயரைப் பிறந்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பதிவான இடத்தில்தான் செய்ய வேண்டும் என்பதால் அப்பா இரண்டு முறை போய் வந்தார். முதல் முறை சம்பந்தப்பட்டவர் லீவு. இரண்டாம் முறை வாங்கி வந்த சான்றில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் இல்லை, ஒரு எழுத்தும் மாறியிருந்தது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. அதை வைத்து ஆதார் எடுத்து ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்தோம். ஓர் அலுவலகம் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. திருத்தி மறுபடி கொடுத்தோம்; ஸ்கேன் தெளிவாக இல்லை என்று மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம். அந்த வாரங்களையெல்லாம் பாப்பாவின் வயதில் கூட்டித்தான் நான் கணக்கிட்டேன்; ஆகஸ்டில் தொடங்கியது நவம்பரில் முடிந்தது.

ஒரே ஒரு ஆறுதல். காது மிஷின் போட்டுப் பார்க்கும் காலமும் அதே மாதங்களில்தான் ஓடியது. மருத்துவமனை அதற்குக் காப்பீட்டு அட்டை கேட்கவில்லை. மிஷினால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்த வாரத்தில்தான் பாப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியது.

14 நாள் கூலி

வருமானச் சான்று வாங்கப் போகும் முன்பே அப்பா பயந்துவிட்டார். "பெங்களூர்ல சம்பாதிக்கிறவங்களுக்கு கார்டு தரமாட்டாங்க டீச்சர்" என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 ஜனவரிக்கு முன்பு இது 72,000 ஆக இருந்தது. எந்த ஊரில் சம்பாதித்தார் என்பது கேள்வியே இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேஸ்திரி கொடுத்த நாள் கூலி 600 ரூபாய். மழை, கட்டடம் நின்ற நாள், உடம்பு சரியில்லாத நாள், ஊருக்கு வந்த நாள் எல்லாம் போக 170 நாள் வேலை. ஆக 1,02,000. அம்மா பூப்பறிக்கவும் தக்காளி பறிக்கவும் போனது 40 நாள், நாளைக்கு 250, அது 10,000. மொத்தம் 1,12,000. பாட்டி மேய்க்கும் இரண்டு ஆட்டில் அந்த வருடம் எதையும் விற்கவில்லை. இந்தக் கணக்கையே அப்படியே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லச் சொன்னேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவர் விசாரித்துச் சான்று கொடுத்தார்.

ஆனால் அந்தக் கணக்கு இன்னும் என்னை விடவில்லை. இன்னும் 14 நாள் வேலை கிடைத்திருந்தால் 1,20,400 ஆகியிருக்கும். உழைக்கும் ஒரு தகப்பன், 14 நாள் கூடுதலாக வேலைக்குப் போனால் தன் குழந்தையின் அறுவைச் சிகிச்சையை இழந்துவிடுவான் என்ற நிலை இருக்கக் கூடாது. கணவன் மனைவி இருவரும் கூலிக்குப் போகும் வீடு இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். குழந்தைகளின் சிகிச்சைக்காவது வருமான வரம்பே வேண்டாம் என்பது என் கருத்து.

சான்று வந்ததும் மறுநாளே தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனோம். காலையில் போய் மதியத்துக்குள் வேலை முடிந்தது. நான்கு மாதம் அலைந்தது இந்த ஒரு அரை நாளுக்குத்தான்.

சிகிச்சை

இதை நீட்ட வேண்டியதில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தது. மூளைக்காய்ச்சல் வராமல் இருக்கத் தடுப்பூசி, உட்காது ஸ்கேன், மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு வழியாக அனுமதி. 2025 பிப்ரவரியில் சேலத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. அப்போது வயது 4 வருடம் 5 மாதம். மார்ச்சில் வெளிக்கருவியைப் பொருத்தி இயக்கினார்கள். பாப்பா சிரிக்கவில்லை, பயந்து அழுதாள். அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அம்மா கலங்கவில்லை.

நோட்டில் இருந்த கணக்கு

அப்பா ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து மாதத்தில் கையை விட்டுப் போனது 23,400 ரூபாய். அதில் 14,400 வேலைக்குப் போகாத 24 நாளின் கூலி. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 6,200. கம்மலுக்கு வட்டி 1,700. விண்ணப்பம், தாமதக் கட்டணம், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 1,100. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததும், 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லாததும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தன. அந்த 24 நாளில் காகிதத்துக்காகப் போனவை 15. பிறந்தபோதே பெயர் பதிவாகியிருந்தால் அந்த 15 நாளும் மிச்சம், ஒருவேளை பாப்பாவுக்கு நான்கு மாதமும் மிச்சம்.

அதனால் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் ரேஷன் கார்டைக் கேட்கிறேன். நோய் இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம். பெயர் இல்லையா, அன்றைக்கே இ-சேவை மையத்துக்கு அனுப்புகிறேன். அட்டை பற்றிச் சந்தேகம் என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அவர்கள் போனிலேயே பதிந்து கொடுக்கிறேன்.

ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள் வீட்டில் வேறு கேள்வி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் நடந்தால், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், குழந்தைகளுக்கும் அதில் சிகிச்சை உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், ஆனால் குழந்தையின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். பாப்பாவின் அப்பாவுக்கு இந்த வழியும் இல்லை. மேஸ்திரியின் கீழே வேலை பார்த்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இரண்டிலும் சேர முடியாதவர்களுக்குத்தான் தனியார் பாலிசியைச் சொல்கிறேன், அதுவும் குழந்தை நன்றாக இருக்கும்போதே. எல்லாக் கம்பெனியும் ஒரே விதிமுறையில் விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானது. மூன்று மாதக் குழந்தை முதல் சேர்க்கலாம். பில்லில் 5 சதவீதத்தை நாம் கொடுக்க வேண்டும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. விண்ணப்பத்தைத் தானே படித்து, தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இருக்கும் நோயை ஒளிக்காமல் எழுதச் சொல்கிறேன்.

இப்போது

பாப்பா வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குத் தருமபுரி போகிறாள். செப்டம்பரில் 5 வயது முடிந்ததிலிருந்து பஸ்ஸில் அரை டிக்கெட். பாட்டி கூப்பிட்டால் திரும்புகிறாள். அம்மா, ஆடு, தண்ணி, வா, போ என்று ஐம்பது சொல்லுக்கு மேல் வந்துவிட்டது. வாக்கியம் இன்னும் வரவில்லை. வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

2025 நவம்பரில் அவளுக்குத் தம்பி பிறந்தான், தருமபுரியிலேயே. மூன்றாம் நாளே காதுப் பரிசோதனை செய்தோம், இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. இந்த முறை பெயரோடு பிறப்புச் சான்று வாங்கினார்கள். நாற்பதாவது நாள் ரேஷன் கார்டில் சேர்க்க விண்ணப்பித்துவிட்டு, அப்பா ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

பாப்பாவின் காதுக்குப் பின்னால் இருக்கும் வெளிக்கருவிக்குக் கம்பெனி உத்தரவாதம் 2028 மார்ச் வரை. அதற்குப் பிறகு ஒயர் போனாலும், தண்ணீர் புகுந்தாலும், செலவு ஆயிரக்கணக்கில் வரும். கருவியையே மாற்ற வேண்டி வந்தால் லட்சத்தைத் தொடும். அதற்காக அம்மா மகளிர் குழுவில் பாப்பா பெயர் சொல்லி மாதம் 300 ரூபாய் தனியாகப் போட்டு வருகிறார். ஏப்ரலில் தொடங்கினார். டிசம்பர் கணக்கில் 2,700 ரூபாய் இருந்தது.